நம் மாவட்டத்துக்கு வந்த கடல்: ஸ்ரீஹரிகோட்டா மணல் தீவின் வரலாறு

திருப்பதி, சித்தூர் பக்கம் வாழும் நம்மவர்களைப் பார்த்து வெளியூர் உறவினர்கள் "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால், ஏழுமலை, காளத்தி, காணிப்பாக்கம், தலக்கோணம் அருவி என்று அடுக்குவோம். மாம்பழமும் சொல்லுவோம். கடல் இருக்குன்னு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர மாநிலத்தில் புது மாவட்டங்கள் பிறந்தபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் தெற்குப் பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆயிற்று. சூலூர்ப்பேட்டையும், பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும், ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் அன்று முதல் நம் மாவட்டம்.

ஸ்ரீஹரிகோட்டா என்றதும் எல்லாருக்கும் ராக்கெட்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. ஆனால் ராக்கெட் வந்தது அரை நூற்றாண்டுக்கு முன்புதான். தீவுக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள். அந்தப் பழைய கணக்கையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணல் போட்ட அணை

கடலோரத்தில் அலையும் காற்றும் மணலைக் குவித்து, கரைக்கு இணையாக நீளமாக ஒரு திட்டை உண்டாக்கும். அந்தத் திட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும் நீர் ஏரியாக, உப்பங்கழியாக நிற்கும். இப்படிப்பட்ட திட்டைத் தடுப்புத் தீவு என்று புவியியலார் சொல்கிறார்கள். புயல் அடித்தால் முதல் அடியைத் தாங்குவது இந்தத் தீவு. அதன் முதுகுக்குப் பின்னால் இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

ஸ்ரீஹரிகோட்டா அத்தகைய தீவு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. விண்வெளி மையத்தின் கணக்கில் மட்டும் 43,360 ஏக்கர், அதாவது சுமார் 175 சதுர கிலோமீட்டர். ஏரியோ இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று உயர்ந்திருந்தது, பிறகு மெதுவாகப் பின்வாங்கியது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கடல் பின்வாங்கப் பின்வாங்க, வரப்பு வரப்பாக மணல்மேடுகளை விட்டுச் சென்றது. ஏரியின் அடியிலும் கரையிலும் கிடைக்கும் பழைய சிப்பிப் படுகைகள் அதற்குச் சாட்சி.

இந்தக் கடற்கரைக்கு மண் கொண்டுபோகும் ஆறுகளில் நம் ஆறுகளும் உண்டு. பாகாலைப் பக்கம் பிறந்து, திருச்சானூரையும் காளத்தியையும் தொட்டுக்கொண்டு ஓடும் சுவர்ணமுகி, ஏரிக்கு வடக்கே கடலில் கலக்கிறது. பிச்சாட்டூர் அணையில் தேங்கி நிற்கும் ஆரணியாறு தமிழ்நாட்டுக்குள் இறங்கி, ஏரியின் தென்கோடியில் சேர்கிறது. (பட்டுக்குப் பேர்போன ஆரணி ஊரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஊர் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது.) சூலூர்ப்பேட்டை வழியாகக் காளங்கி ஆறு நேரே ஏரிக்குப் போகிறது. ஆற்று மண்ணைக் கடல் வாங்கி, தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் கரையோரமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நாம் மலையடிவாரத்தில் வாழ்ந்தாலும் இந்தக் கடலோடு நமக்கு உறவு எப்போதும் இருந்ததுன்னு இதனால் விளங்கும்.

பெயரில் கலந்த இரு மொழிகள்

தெலுங்கில் 'அர' என்றால் பாதி, தமிழில் 'அரை'. இராவணன் இங்கே அரைக் கோடி லிங்கங்களை வைத்தான், அதனால் 'அரகோடி' என்று பேர் வந்து, பின்னர் ஸ்ரீஹரிகோட்டா ஆயிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயர்கள்தான் நல்ல சான்று. ஏரிக்கரை முழுக்கக் குப்பம், பாளையம், பேட்டை, பட்டு, திப்ப என்றே ஊர்கள். தெலுங்கர் 'திப்ப' என்பதும் நாம் 'திட்டு' என்பதும் ஒன்றுதான்: நீர் நடுவே உயர்ந்த மேடு.

சூலூர்ப்பேட்டையில் காளங்கிக் கரையில் இருக்கும் செங்காளம்மன் கோவிலைத் தெலுங்கர் செங்காளம்ம பரமேஸ்வரி என்பார்கள். தெற்கு நோக்கிய காளி, 'தென்காளி' என்பதே செங்காளி ஆனது என்று உள்ளூர் வழக்கு. இக்கோவிலுக்குக் கதவு சாத்துவதில்லை. ராக்கெட் கிளம்பும் முன்பு விண்வெளித் துறைத் தலைவர்களும் இங்கே வந்து கும்பிட்டுப் போவது பத்திரிகைகளில் வரும் செய்தி.

வடக்கே வாகாடு மண்டலத்தில் உள்ள துர்க்கராஜப்பட்டினம் ஆங்கிலேயர் ஏடுகளில் 'ஆர்மகான்' என்று வரும். சென்னைக்கு இடம் பார்ப்பதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1626 வாக்கில் இங்கேதான் கோட்டையோடு கூடிய பண்டகசாலை வைத்திருந்தார்கள். அதற்கு இடம் கிடைக்க உதவியவர் ஆறுமுக முதலியார் என்றும், அவர் பேரே 'ஆர்மகான்' ஆயிற்று என்றும் சொல்லப்படுகிறது. ஆர்மகானில் பணியாற்றிய பிரான்சிஸ் டே என்பவரே 1639இல் சென்னைப் பட்டினத்துக்கு நிலம் பெற்றார். சென்னைக்கு முன்னுரை நம் மாவட்டத்துக் கடற்கரையில் எழுதப்பட்டது என்று நாம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சாயவேரும் வெடிமருந்தும்

தீவின் தென்முனைக்கு எதிரே தமிழ்நாட்டின் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் இங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைநகர். அவர்கள் தேடி வந்த சரக்கு துணி. பழவேற்காட்டு வண்ணத்துணியைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அடிமைகளாகப் பிடிபட்ட ஏழை மக்களையும் இதே துறையிலிருந்து கப்பலேற்றினார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

துணிக்குச் சிவப்பு நிறம் கொடுத்தது சாயவேர். இம்பூரல் என்றும் பேர். நான் நாட்டு மருந்துச் சரக்கு வியாபாரம் செய்கிறவன். எங்கள் கடையில் இம்பூரல் இருமலுக்கும் ரத்தவாந்திக்கும் கேட்டு வாங்கும் சரக்கு. வயதான நெசவுக்காரர்களுக்குத்தான் அது சாயச் சரக்கு என்று தெரியும். கடலோர மணலில் விளையும் வேருக்கே நிறம் அதிகம். ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் அதைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவர்கள் யானாதிகள் என்னும் பழங்குடி மக்கள். 'அநாதி', அதாவது தொடக்கம் இல்லாதவர் என்பதே அவர்கள் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

1835இல் தீவு கம்பெனி அரசின் கைக்கு வந்தது. அரசு யானாதிகளைக் காட்டுச் சரக்கு சேகரிக்கும் வேலையில் வைத்தது. சாயவேர், நன்னாரி, எட்டிக்கொட்டை, பூந்திக்கொட்டை, தேத்தான்கொட்டை, புளி, பிரம்பு, தேன் என்று அவர்கள் கொண்டுவந்து போட, கூலியாகத் தானியமும் துணியும் கொடுக்கப்பட்டன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலில் இம்மக்களைப் பற்றிய நீண்ட பகுதி உண்டு. அந்தச் சரக்குப் பட்டியலைப் பார்த்தால் எங்கள் கடை அலமாரியைப் பார்ப்பதுபோலவே இருக்கும். தேன் மட்டும் இருக்காது. நாங்கள் சமணர், தேனைத் தொடுவதில்லை. பட்டியலில் இருக்கும் மற்றதெல்லாம் யார் கையால் வந்தது என்று மூன்று தலைமுறையாக விற்ற நாங்களும் கேட்டதில்லை, வாங்கினவர்களும் கேட்டதில்லை. வியாபாரத்தில் சரக்குக்குப் பேர் உண்டு, எடுத்தவனுக்குப் பேர் கிடையாது.

பின்னால் விறகு வந்தது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கொக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, பழவேற்காடு ஏரியைத் தொட்டு வடக்கே நீண்ட கால்வாய், 1870களின் பெரும் பஞ்சத்தில் கூலி வேலையாக விரிவுபடுத்தப்பட்டு 1878இல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. தீவில் வெட்டிய காட்டு விறகும், பின்னர் அங்கே நட்டு வளர்த்த சவுக்கும் இந்த நீர்வழியில் படகேறிச் சென்னை அடுப்புகளுக்குப் போயின.

டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டில் வெடிமருந்து செய்யும் வேலையும் நடந்தது. அங்கிருந்து கீழ்த்திசையில் இருந்த அவர்களுடைய மற்றக் கோட்டைகளுக்குப் போயிற்று. அதே ஏரியின் வடபாகத்தில் இன்று ராக்கெட்டுக்குத் திட எரிபொருள் வார்க்கும் பெரிய ஆலை இருக்கிறது. அன்றைய மருந்து பீரங்கிக்கு, இன்றையது செயற்கைக்கோளுக்கு. நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ராக்கெட் வந்த கதை

விக்ரம் சாராபாய் தலைமையில் 1969இல் இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணங்கள் எளியவை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகமும் ராக்கெட்டுக்கு இனாமாகக் கிடைக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே போகப் போக இந்த லாபம் கூடும். கிழக்கே வெறும் கடல் என்பதால், ஏதாவது கோளாறு ஆனாலும் ஊர்மேல் விழாது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி 125 என்னும் சிறு ராக்கெட்டோடு மையம் செயல்படத் தொடங்கியது. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி. 3, 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. 2002இல் மையத்துக்குச் சதீஷ் தவான் பெயர் சூட்டப்பட்டது. 2008இல் சந்திரயான், 2013இல் மங்கள்யான், 2023 ஜூலை 14இல் சந்திரயான் 3 எல்லாம் இந்த மணலிலிருந்து கிளம்பியவையே.

இது வரவுப் பக்கம். வியாபாரிக்குப் பற்றுப் பக்கமும் எழுதியாக வேண்டும். 'ஆளில்லாத தீவு' என்று பல நூல்களில் பார்க்கிறோம். ஆள் இருந்தார்கள். யானாதிகள் இருந்தார்கள், மீனவர் குப்பங்கள் இருந்தன, மாடு மேய்த்தவர்களும் இருந்தார்கள். நிலம் எடுக்கப்பட்டபின் குடும்பங்கள் அக்கரைக்கு மாற்றப்பட்டன. மீனவக் குடும்பங்கள் பல பழவேற்காட்டுப் பக்கம் வந்து சேர்ந்தன.

அங்கே ஏற்கெனவே 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் படும் இடங்களைப் பங்கு பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன குடும்பம் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று ஊரே முடிவு செய்யும். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் சுற்றி வரும். எழுதின சட்டம் எதுவும் இல்லாமல், பல தலைமுறையாக நடந்துவரும் நியாயம் இது. ஏரி பெருகாமல் பங்காளிகள் மட்டும் பெருகினால் என்ன ஆகும்? தகராறு வரும், வந்தது. இதில் வந்தவர்களையும் குறை சொல்ல முடியாது, இருந்தவர்களையும் குறை சொல்ல முடியாது.

மாடுகளின் கதை இன்னும் ஒன்று. ஊர் காலியானபோது பின்தங்கிய மாடுகள் காட்டிலேயே பெருகி, இன்று மனிதரைக் கண்டால் மிரண்டு ஓடும் காட்டு மாடுகளாகத் திரிகின்றன. பால் கறந்த வீடு இல்லை, கட்டிய கயிறு இல்லை. அங்கே ஒரு காலத்தில் வீடுகள் இருந்ததற்கு உயிருள்ள சாட்சி அவை மட்டுமே.

நியாயமாக இன்னொரு வரவையும் எழுத வேண்டும். மையத்தின் வேலி இல்லாவிட்டால் அந்தக் காடு மிஞ்சியிருக்குமா? சோழமண்டலக் கரை நெடுக ஒருகாலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காடு இன்று கோவில் தோப்புகளில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் அது பெரிய பரப்பில் நிற்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் தீவின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தேவாங்கு, நரி, காட்டுப்பூனை எல்லாம் அங்கே உண்டு. மனிதரை வெளியேற்றிய வேலிதான் தேவாங்கைக் காப்பாற்றியது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது கணக்காகாது.

கடல் தாண்டியும் இதே கதை

அமெரிக்காவின் புளோரிடாவிலும் கேப் கனவெரல், மெரிட் தீவு என்று கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இப்படியே மணல் நிலங்கள் இருக்கின்றன. 1960களில் நாசா அங்கே நிலம் வாங்கியபோது ஆரஞ்சுத் தோட்டக்காரர்களும் சிற்றூர்க்காரர்களும் இடம் பெயர்ந்தார்கள். ஆனால் 1963லேயே ஏவுதளத்துக்கு வேண்டாத நிலத்தை வனவிலங்குப் புகலிடமாக அறிவித்து, 1975இல் கடற்கரையைத் தேசியக் கடற்கரையாக்கி, மக்கள் போய்ப் பார்க்க வழி செய்தார்கள். நம் குடும்பங்களிலிருந்து அமெரிக்கா போன பிள்ளைகள் பலர் அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதே இனத்துத் தீவு திருப்பதியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

எப்படிப் போவது, என்ன பார்ப்பது

திருப்பதியிலிருந்து காளத்தி, நாயுடுப்பேட்டை வழியாகச் சூலூர்ப்பேட்டை. அங்கிருந்து ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தீவுக்குச் சாலை போகிறது. இருபுறமும் ஆழமில்லாத நீர். கார்த்திகை முதல் மாசி வரை போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவை அது. தின்னும் பாசியிலும் சிற்றுயிரிலும் உள்ள நிறமே அதன் இறகுக்கு இளஞ்சிவப்பாக ஏறுகிறது. சூலூர்ப்பேட்டையில் 2001இல் தொடங்கிய பூநாரைத் திருவிழா இதற்காகவே. இந்தச் சாலை ஏரியின் நீரோட்டத்தைத் தடுக்கிறது, வடபகுதி சீக்கிரம் வற்றுகிறது என்ற குறை மீனவரிடம் உண்டு. பூநாரையை ரசிக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

அருகிலேயே நேலப்பட்டு. 1976இல் சரணாலயமானது. நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. வெதுருபட்டு கிராமத்தில் வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே நாரைகள் குஞ்சு பொரிக்கும். ஊர்க்காரர்கள் கல்லெறிவதில்லை, பட்டாசும் கொளுத்துவதில்லை. பறவை வந்தால் மழை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அகிம்சையைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம், அவர்கள் பேசாமல் செய்கிறார்கள்.

தீவுக்குள் நினைத்தபடி போக முடியாது, கடற்கரையும் பொதுமக்களுக்கு இல்லை. ஆனால் 2019இல் ஏவுதலைப் பார்க்கும் மாடம் திறந்தார்கள். இஸ்ரோவின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, அடையாள அட்டையோடு போகலாம். கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் வாகாடு மண்டலத்துத் தூப்பிலிப்பாளையம் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமைகள் இந்தக் கரைகளில் ஏறி முட்டையிடும். விளக்கு அடிக்காதீர்கள், பிள்ளைகளைத் துரத்த விடாதீர்கள்.

பழவேற்காட்டில் கோட்டை இடிபாட்டையும் டச்சுக் கல்லறைகளையும் பார்க்கலாம். படகில் மட்டும் ஆசைப்பட்டு ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகு தடை செய்யப்பட்டது. யாராவது ரகசியமாகக் கூப்பிட்டாலும் போக வேண்டாம்.

இனி வரப்போவது

2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுமையத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நாட்டுக்கு இவை வேண்டும், மறுப்பில்லை. நான் கேட்பது ஒன்றே. 'வெறும் மணல்' என்று எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்காதீர்கள். அந்த மணலில் வேர் தோண்டியவன், வலை போட்டவன், முட்டையிட்ட ஆமை, கூடு கட்டிய நாரை எல்லாரையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வேறு மாநிலத்தில் வேர் பிடித்தவர்கள் நாம். இடம் பெயர்ந்தவன் கஷ்டம் நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் பிழைப்புத் தேடி விரும்பி வந்தோம், அந்தத் தீவுக்காரர்களுக்கு விருப்பம் கேட்கப்படவில்லை என்பதே வித்தியாசம். அடுத்த விடுமுறைக்கு உறவினர்கள் வந்தால் மலை தரிசனம் முடித்து ஒரு நாள் கிழக்கே கூட்டிப் போங்கள். பூநாரையைக் காட்டுங்கள், ராக்கெட்டைக் காட்டுங்கள். யானாதி என்று ஒரு மக்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதையும் பிள்ளைகள் காதில் போட்டு வையுங்கள்.